கருமுட்டை எடுக்கும் வழிகள்: பசுவுக்கு ஒன்று, குதிரைக்கு வேறொன்று

உயர்ந்த மரபுத்திறன் கொண்ட ஒரு பசுவிடமிருந்தோ பெண்குதிரையிடமிருந்தோ இயல்பான ஈற்றுகளில் கிடைப்பதைவிட அதிகமான வாரிசுகளைப் பெற நினைக்கும் வளர்ப்பாளர் முன்னால் இன்று இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. கருவூட்டலைத் தாயின் உடலுக்குள்ளேயே நடக்கவிட்டு, ஏறத்தாழ ஏழாம் நாளில் கருப்பையைக் கழுவி, அங்கே மிதக்கும் கருக்களைச் சேகரிப்பது முதல் வழி. கருவூட்டலுக்கு முன்பே சினைப்பையிலிருந்து முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்குவது இரண்டாவது வழி. இரண்டிலும் கடைசியில் கருவைச் சுமப்பது வாடகைத் தாயாக நிற்கும் வேறொரு விலங்குதான் என்பதால், எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செலவு, விலங்குக்கு ஏற்படும் சிரமம், கிடைக்கும் கன்று அல்லது குட்டியின் எண்ணிக்கை ஆகிய மூன்றிலும் இவ்வழிகள் பெரிதும் வேறுபடுகின்றன. பசுவுக்குப் பொருந்தும் விடை குதிரைக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதால், இரண்டு விலங்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

பசுவின் சினைப்பையில் ஒவ்வொரு 21 நாள் சுழற்சியிலும் இரண்டு அல்லது மூன்று அலைகளாக ஃபாலிக்கிள் எனப்படும் முட்டைக் கொப்புளங்கள் வளர்கின்றன. ஒவ்வோர் அலையிலும் ஒரு கொப்புளம் மட்டும் முன்னேறி, மற்றவை வாடி அழிந்துவிடும். எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் காலையும் மாலையுமாக நான்கு நாள், அளவைப் படிப்படியாகக் குறைத்துச் செலுத்தினால், வாடவிருந்த கொப்புளங்களும் சேர்ந்து வளர்ந்து ஒரே நேரத்தில் வெடிக்கும். மூன்றாம் நாளில் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுப் பருவத்தை வரவழைத்து, பருவம் கண்டபின் 12 மணி நேர இடைவெளியில் இருமுறை சினை ஊசி போட்டு, ஏழாம் நாளில் ஃபோலி எனப்படும் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பையைக் கழுவுவது பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற நடைமுறை. நல்ல கைகளில் ஒரு கழுவலுக்குச் சராசரியாக ஐந்து முதல் ஏழு நல்ல கருக்கள் கிடைக்கும். ஆனால் இந்தச் சராசரியை நம்பித் திட்டம் போடுவது ஆபத்தானது. ஒரு பசு இருபது கருக்களைத் தரும். அதே கொட்டகையில், அதே மருந்து, அதே அளவு பெற்ற அடுத்த பசு ஒன்றுகூடத் தராது. எந்தப் பசு எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறிய, ஸ்கேன் செய்து சிறு கொப்புளங்களை எண்ணுவதும், இரத்தத்தில் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவைப் பார்ப்பதும் உதவுகின்றன. சிகிச்சை தொடங்கும் முன் இவற்றில் ஒன்றையாவது செய்து பார்க்கும்படி வளர்ப்பாளர் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முட்டையை நேரடியாக எடுக்கும் முறை, சுருக்கமாக ஓ.பி.யூ., பெண்களுக்கான குழந்தைப்பேறு சிகிச்சையிலிருந்து மாட்டுக்கு வந்தது. 1980களின் இறுதியில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் இது பசுக்களில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. வாலின் அடியில் மரப்பூசி போட்டபின், பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியின் முனை உள்ளே செல்கிறது. மருத்துவர் மலக்குடல் வழியாக மற்றொரு கையை விட்டுச் சினைப்பையைப் பிடித்து அந்த முனையோடு அணைத்துக்கொள்ள, திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும் கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் குத்தி நீரோடு முட்டையை உறிஞ்சுகிறார்கள். இங்கே ஹார்மோன் கட்டாயமில்லை. வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ திரும்பத் திரும்பச் செய்யலாம். சினையாக இருக்கும் பசுவிலும் முதல் மூன்று மாதங்கள் வரை செய்யலாம். இன்னும் பருவத்துக்கு வராத கிடேரிகளிலும் செய்யலாம். கருக்குழல் அடைபட்ட பசு, கருப்பை அழற்சியால் சினை நிற்காத பசு, வயது முதிர்ந்த பசு ஆகியவற்றைக் கழுவினால் பயன் கிடைக்காது. அவற்றின் சினைப்பை செயல்படும் வரை ஊசி முறைக்கு இடமுண்டு.

அப்படியானால் எப்போதும் ஊசி முறையையே தேர்ந்துவிடலாமே என்று தோன்றும். கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்த்தால் படம் மாறுகிறது. இரண்டு மாதக் காலத்தை எடுத்துக்கொள்வோம். ஹோல்ஸ்டீன் பசு ஒன்றை ஒருமுறை கழுவினால் ஆறு கருக்கள் கிடைப்பதாகவும், உறையவைக்காத அத்தகைய கருக்களில் நூற்றுக்கு அறுபது சினை பிடிப்பதாகவும் வைத்தால், மூன்று அல்லது நான்கு சினைகள் உறுதி. அதே பசுவிடம் இரு வாரங்களுக்கு ஒருமுறையாக நான்கு முறை முட்டை எடுத்தால், ஒவ்வொரு முறையும் எட்டு முட்டைகள் என்று 32 முட்டைகள் கிடைக்கும். அவற்றில் நூற்றுக்கு முப்பது, வாடகைத் தாய்க்கு மாற்றத் தகுந்த பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலையை எட்டினால் ஒன்பது அல்லது பத்துக் கருக்கள். ஆய்வகக் கருக்களில் நூற்றுக்கு நாற்பது சினை பிடித்தால் மீண்டும் நான்கு சினைகள்தான். வேறுபாடு என்னவென்றால், முதல் வழிக்கு ஆறு வாடகைத் தாய்கள் போதும், இரண்டாவதற்குப் பத்து வேண்டும். சினை பிடிக்காத ஒவ்வொரு வாடகைத் தாயும் தீவனம் தின்று, பருவம் ஒத்திசைக்க ஹார்மோன் பெற்று, மூன்று வாரம் வெறுமனே நின்ற மாடு. ஆய்வகக் கட்டணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தச் செலவை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கைக் கிர் பசுவுக்கோ நெலோர் பசுவுக்கோ போட்டால் விடை தலைகீழாகிறது. திமிலுள்ள இனங்களின் சினைப்பையில் சிறு கொப்புளங்கள் மிக அதிகம்; ஒரு முறைக்கு 15 முதல் 25 முட்டைகள் கிடைப்பது அவற்றில் இயல்பு. முறைக்கு இருபது முட்டைகள் என்று வைத்தால், அதே இரண்டு மாதத்தில் 24 கருக்களும் ஒன்பது பத்துச் சினைகளும் வரும். பிரேசில் நாடு ஆய்வகக் கருத் தொழிலில் உலகின் முன்னணிக்கு வந்ததற்கு இந்த உடலியல் உண்மை முக்கியக் காரணம். அங்குள்ள நெலோர் இனம் ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகளிலிருந்து உருவானது, கிர் இனம் குஜராத்திலிருந்து சென்றது என்பதை நினைத்துப் பார்த்தால், நம் நாட்டு மாடுகளின் உடலில் எப்போதோ இருந்த ஒரு வளத்தைப் பிறர் முதலில் கண்டுகொண்டார்கள் என்ற ஆதங்கம் எழாமல் இருப்பதில்லை. உலக அளவிலும் நிலை மாறிவிட்டது: பன்னாட்டுக் கருத் தொழில்நுட்பச் சங்கத்தின் கணக்குப்படி, 2016இல் முதன்முறையாக ஆய்வகத்தில் உருவான மாட்டுக் கருக்களின் எண்ணிக்கை உடலுக்குள் உருவானவற்றின் எண்ணிக்கையை மிஞ்சியது. இந்தியாவில் ராஷ்டிரிய கோகுல் திட்டத்தின்கீழ், இந்த முறையில் உறுதியாகும் ஒவ்வொரு சினைக்கும் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கிர், சாஹிவால் போன்ற நாட்டுப் பசுக்களை வைத்திருப்பவர், ஆய்வகம் எட்டும் தூரத்தில் இருந்தால், தயங்காமல் ஊசி முறையைத் தேர்வதே சரி என்பது என் கருத்து.

விந்தின் பக்கமிருந்து பார்த்தாலும் பசுவில் ஊசி முறைக்கு ஓர் அனுகூலம் உண்டு. கழுவும் முறையில் ஒரு பசுவுக்கு, மெல்லிய குழாயில் அடைத்த உறைவிந்து இரண்டு குச்சியாவது தேவை. பாலினம் பிரித்த விந்தானால் அணுக்கள் குறைவாக இருப்பதால், பல முட்டைகள் ஒரே நேரத்தில் வெளிவரும் பசுவில் பல கருவுறாமல் போகின்றன. ஆய்வகத் தட்டில் ஒரே குச்சி பல பசுக்களின் முட்டைகளுக்குப் போதும். விலையுயர்ந்த பாலினம் பிரித்த விந்தைக் கொண்டு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் கிடேரிக் கன்றுகளை எதிர்பார்க்கும் பால்பண்ணைக்கு இது பெரிய விஷயம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகக் கரு உறைதலையும் உருகுதலையும் உடல்கருவைப் போலத் தாங்குவதில்லை. சில வளர்ப்பு ஊடகங்களில், குறிப்பாகச் சீரம் சேர்த்தவற்றில், வளர்ந்த கருக்களிலிருந்து அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகள் பிறந்து, ஈனும்போது தாயும் கன்றும் துன்பப்பட்ட நிகழ்வுகள் 1990களில் நன்கு பதிவாகியுள்ளன. ஊடகங்கள் திருந்தியபின் இது குறைந்திருக்கிறதே தவிர, முற்றிலும் மறையவில்லை. ஆகவே இடுப்புக்கூடு சிறிதாக உள்ள கிடேரிகளை வாடகைத் தாயாக வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டுக்கு அனுப்பும் நோக்கமிருந்தால், கருவின் மேலுறையில் நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்வது ஆய்வகக் கருக்களில் அதிகம் என்பதும், அதனால் சில நாடுகள் கூடுதல் விதிகளைக் கேட்பதும் கணக்கில் வர வேண்டும். கழுவும் முறை பழையது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடியதன்று. நன்றாகச் சினை நிற்கிற, ஹார்மோனுக்கு நன்றாக இணங்குகிற, ஆய்வகத்திலிருந்து தொலைவில் உள்ள ஒரு கலப்பினக் கறவைப் பசுவுக்கு அதுவே இன்றும் சிறந்தது. ஒரு நுண்நோக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும், பண்ணையிலேயே முடித்துவிடலாம்.

குதிரைக்கு வரும்போது முதலில் மறக்க வேண்டியது எஃப்.எஸ்.எச். ஹார்மோன் மீதுள்ள நம்பிக்கை. குதிரையின் சினைப்பை உள்வெளி மாறி அமைந்தது. முட்டை எந்தப் பக்கத்திலும் வெடித்து வெளிவர முடியாது, குழிவான ஒரே இடத்தின் வழியாகத்தான் வர முடியும். பன்றியிலிருந்து எடுத்து மாடுகளுக்குப் பயன்படும் ஹார்மோனுக்குக் குதிரை பெரிதாக அசைவதில்லை. குதிரையின் சொந்த ஹார்மோனைக் கொடுத்தாலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு, அரிதாக மூன்று முட்டைகள் வெடிக்கும், அவ்வளவே. ஆகவே கழுவும் முறையில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் ஒரே ஒரு கரு. நல்ல விந்தும் இளம் குதிரையும் இருந்தாலும் ஏறத்தாழ இரண்டு கழுவல்களில் ஒன்றில்தான் அதுவும் கிடைக்கும். வயது முதிர்ந்த குதிரையில் இன்னும் குறைவு.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. பசுவில் கருவுறாத முட்டைகளும் கருக்குழலைத் தாண்டிக் கருப்பைக்கு வந்துவிடுவதால், கழுவிய நீரை நுண்நோக்கியில் பார்ப்பவருக்குத் தோல்வியின் காரணம் தெரிந்துவிடும்: முட்டைகள் வந்து அவை கருவுறவில்லை என்றால் விந்திலோ நேரத்திலோ குறை. குதிரையின் கருக்குழலோ, கருவை மட்டுமே கருப்பைக்குள் விடுகிறது. கருவுறாத முட்டை குழலிலேயே தங்கிவிடும். எனவே வெறும் நீர் வந்தால் அது கருவுறாததாலா, கரு அழிந்ததாலா, கழுவலில் தவறியதாலா என்று சொல்ல வழியில்லை. ஒரே குதிரையை மூன்று நான்கு முறை கழுவியும் ஒன்றும் வராதபோது, அடுத்த சுழற்சியிலும் அதையே செய்வதைவிட முறையை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

குதிரையில் ஊசி முறையின் உழைப்பு வேறு வகையானது. பசுவின் முட்டை கொப்புள நீரோடு எளிதில் வந்துவிடும்; குதிரையின் முட்டையோ கொப்புளச் சுவரோடு இறுக ஒட்டியிருக்கும். அதனால் இரண்டு தடங்கள் கொண்ட தடித்த ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு கொப்புளத்தையும் ஆறு முதல் பத்து முறை திரவத்தால் நிரப்பி, ஊசியைச் சுழற்றிச் சுவரைச் சுரண்டி, உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மயக்க மருந்தும், குடலைத் தளர்த்தும் மருந்தும், இரண்டு மூன்று பேர் கொண்ட பயிற்சி பெற்ற குழுவும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அவ்வளவு செய்தும், குத்திய கொப்புளங்களில் பாதிக்குச் சற்று மேலானவற்றிலிருந்துதான் முட்டை கிடைக்கும். மலக்குடல் கிழிதல், இரத்தக் கசிவு, வயிற்றறை அழற்சி ஆகியவை அரிது என்றாலும், பசு தாங்கிக்கொள்ளும் காயத்தைக் குதிரை தாங்காது. மலக்குடல் கிழிந்தால் உயிரே போகலாம். டெட்டனஸ் நோய்க்குக் குதிரை மிகவும் எளிதில் ஆளாகும் என்பதால் தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே இரண்டு வாரமாவது விட வேண்டும். எண்ணிக்கைக்காக இந்த இடைவெளியைச் சுருக்குமாறு கேட்கும் உரிமையாளருக்கு மருத்துவர் இணங்கக் கூடாது.

முட்டை கிடைத்தபின் நடப்பது இன்னும் வியப்பானது. உலகின் முதல் ஆய்வகக் கருவூட்டல் கன்று 1981இல் அமெரிக்காவில் பிறந்தது. அதற்குப்பின் பசுவில் ஐ.வி.எஃப்., அதாவது முட்டையையும் விந்தையும் ஆய்வகத் தட்டில் தாமாகச் சேரவிடும் கருவூட்டல், அன்றாட நடைமுறையாகிவிட்டது. குதிரையில், 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸில் இரண்டு குட்டிகள் பிறந்ததைத் தவிர, வழக்கமான ஐ.வி.எஃப். முப்பது ஆண்டுகள் வசப்படவே இல்லை. 2022இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு விந்தணுக்களை நீண்ட நேரம் முன்பதப்படுத்தி அதைச் சாதித்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் குதிரைத் தொழிலைத் தாங்கியது இக்சி, அதாவது ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை. அந்த வழியில் முதல் குட்டி 1996இல் கொலராடோவில் பிறந்தது. இதில் விநோதம் என்னவென்றால், குதிரையில் நன்றாகப் பலிக்கும் இக்சி பசுவில் சரியாகப் பலிப்பதில்லை. விந்தணுவைச் செலுத்தியபின் பசுவின் முட்டை தானாகத் தூண்டப்படுவதில்லை. ஒரே கருவிகள் நிறைந்த ஒரே ஆய்வகம் இரு விலங்குகளுக்கும் சேவை செய்யும் என்று கருதி முதலீடு செய்பவர்கள் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையாகப் பார்த்தால், 16 கொப்புளங்களைக் குத்தினால் ஒன்பது முட்டைகள், அவற்றில் ஆறு முதிர்ச்சியடையும், அவற்றிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கருக்கள் வரும். பசுவோடு ஒப்பிட்டால் அற்பமாகத் தோன்றும் இந்த எண்ணிக்கை, கழுவினால் கிடைக்கும் அரைக் கருவோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மடங்கு. அதோடு, இக்சி கரு உருவத்தில் சிறியதாக இருப்பதால் உறையவைக்க எளிது. கழுவி எடுத்த குதிரைக் கரு ஏழெட்டு நாளில் பெருத்து, தடித்த உறை பூண்டுவிடுவதால், 300 மைக்ரானுக்கு மேல் வளர்ந்துவிட்டால் உறையவைப்பது கடினம். வாடகைக் குதிரை அன்றைக்குத் தயாராக இல்லையென்றால் அந்தக் கரு வீணாகும். இக்சி கருவைத் திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டு வாடகைக் குதிரைக்காகக் காத்திருக்கலாம். நல்ல ஆய்வகத்தின் கருக்கள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சினை பிடிக்கின்றன. பசுவில் ஆய்வகக் கரு காட்டும் நலிவு இங்கே அவ்வளவாகத் தெரிவதில்லை. எப்போதாவது ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டைச் சினையாவதுண்டு. இரட்டைச் சினை குதிரைக்குக் கேடு என்பதால், ஆரம்பத்திலேயே கவனமாக ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம்.

தொலைவுச் சிக்கலுக்குக் குதிரையின் முட்டையே ஒரு தீர்வைத் தருகிறது. முதிராத குதிரை முட்டையை அறை வெப்பநிலையில், 20 டிகிரியை ஒட்டி, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினாலும் அதன் திறன் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் ஐரோப்பாவில் எங்கோ ஒரு குதிரைமனையில் முட்டையை எடுத்து, இத்தாலியின் கிரெமோனாவில் உள்ள அவாந்தேயா ஆய்வகம் போன்ற இடத்துக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இந்தத் திறமைதான் 2019இல் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில், உலகில் எஞ்சிய இரண்டு வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜின், ஃபாத்து ஆகியவற்றிடமிருந்து முட்டைகளை எடுத்து, அதே கிரெமோனாவில் கருவாக்கவும் பயன்பட்டது. பந்தயத்துக்கும் விளையாட்டுக்கும் வளர்ந்த ஒரு தொழில்நுட்பம் அழியும் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரினத்துக்கு உதவ வந்தது, இத்துறையைப் பற்றி நான் அறிந்தவற்றிலேயே மிகவும் நம்பிக்கையூட்டும் செய்தி.

இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு மூன்றாவது வழியும் குதிரையில் உண்டு. ஒரு பெரிய கொப்புளம் முதிரும் வரை காத்திருந்து, முட்டை வெடிப்பைத் தூண்டும் ஊசி போட்டு, வெடிப்பதற்குச் சற்று முன்னால் அந்த ஒரே முட்டையை எடுக்கலாம். உடலுக்குள் முதிர்ந்த முட்டை என்பதால் அதன் தரம் உயர்ந்தது. பத்தில் ஏழெட்டு முறை கிடைத்துவிடும். ஆனால் அதை உடல்வெப்பத்திலேயே வைத்து விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும். ஆய்வகம் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது ஏற்றது.

எனவே பெண்குதிரை இளமையாகவும், கருப்பை ஆரோக்கியமாகவும், பொலிகுதிரை நல்ல விந்து தருவதாகவும் இருந்தால் கழுவும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும். தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் கிளையில் 2023இல் பிறந்த ராஜ் பிரதமா என்ற மார்வாரிக் குட்டியும் கழுவி எடுத்த கருவிலிருந்து வந்ததே. கருப்பை கெட்டுவிட்ட குதிரை, இறந்துபோன பொலிகுதிரையின் எஞ்சிய சில குச்சி விந்து, போட்டிகளில் ஓய்வின்றி ஓடுவதால் சுழற்சி தோறும் கழுவ முடியாத குதிரை ஆகிய நிலைகளில் இக்சியின் செலவு நியாயமாகிறது. ஒரு குச்சியை உறைநிலையிலேயே துண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் பயன்படுத்திப் பல முட்டைகளைக் கருவாக்கலாம் என்பது இரண்டாவது நிலையில் விலைமதிப்பற்ற வசதி. துரோப்ரெட் பந்தயக் குதிரை வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. இயற்கையாக இணைசேர்ந்து, அந்தத் தாயே சுமந்து ஈன்ற குட்டியைத்தான் அவற்றின் பதிவேடுகள் ஏற்கின்றன, இந்தியாவிலும் அதே விதிதான். பிற இனங்களிலும் சங்கத்துக்குச் சங்கம் விதி மாறுவதால், மருத்துவரை அழைப்பதற்கு முன்பே பதிவேட்டு விதியைப் படித்துவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை பசுவுக்கும் குதிரைக்கும் பொதுவானது. எண்ணிக்கை குறைந்த நாட்டினங்களில், பேர்பெற்ற இரண்டு மூன்று தாய்களிடமிருந்தே நூற்றுக்கணக்கான வாரிசுகளை உருவாக்கினால், சில தலைமுறைகளில் நெருங்கிய உறவுக் கலப்பு தவிர்க்க முடியாததாகிவிடும். தொழில்நுட்பம் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு வேகமாக இந்தக் கேடும் பரவும். இனப்பாதுகாப்பு நோக்கமாக இருந்தால், ஒரு தாயிடம் பத்து முறை எடுப்பதைவிடப் பத்துத் தாய்களிடம் ஒருமுறை எடுப்பதே மேல்.

கடைசியாக, தேர்ந்தெடுக்கவே நேரமில்லாத ஒரு நிலை இருக்கிறது. அருமையான பசுவோ குதிரையோ விபத்திலோ வயிற்று வலியிலோ இறக்கும்போது, அதன் சினைப்பைகளை எடுத்து அனுப்பி முட்டைகளைக் காக்க முடியும். குதிரையில் இந்த வழியில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. மணி கூடக் கூட முட்டையின் திறன் குறைவதால், சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை எட்டக்கூடியவர்களுக்கே இது பயன்படும். பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்ன உடனே, உயிர் பிரிவதற்கு முன்பே ஆய்வகத்தோடு பேசி, சினைப்பையை எந்தத் திரவத்தில், எந்த வெப்பநிலையில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயணம் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அந்த வெப்பநிலை மாறும். நேரடியாகப் பனிக்கட்டியின் மேல் வைப்பது கூடாது. இந்த வழியில் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் சில முட்டைகள் மட்டுமே என்பதால், விலையுயர்ந்த விலங்கை வைத்திருப்பவர் அது நலமாக இருக்கும்போதே ஒரு முறையேனும் முட்டை எடுத்துக் கருக்களை உறையவைத்துக்கொள்வது இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.